கப்பலில் வந்தவள்

குண்டாறு கடலுக்குப் போகிற ஆறு என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் பக்கமாகப் போகும் அந்த ஆற்றில், நான் சிறுவனாக இருந்தபோது ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். பிறகு மணல் போனது, சீமைக்கருவேலம் வந்தது. ஆனாலும் அது ஆறுதான். மேற்கே மலையடிவாரத்தில் புறப்பட்டு, திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று இறங்கி, மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து அந்தக் கடல் எண்பது கிலோமீட்டருக்குள்தான். இருந்தும் எங்களில் ஒருவரும் தன்னைக் கடலோரத்து ஆள் என்று சொல்லிக்கொண்டதில்லை. கடல் எங்களுக்கு உப்பாகவும் கருவாடாகவும் சந்தைக்கு வந்து சேரும். அதற்கு மேல் ஒட்டும் உறவும் இல்லை என்றுதான் நானும் வளர்ந்தேன், கல்யாணம் ஆகும்வரை.

என் மனைவி கப்பலில் வந்தவள். இலங்கையில் மாத்தளைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, எழுபதுகளின் தொடக்கத்தில், ஆறு வயதுப் பிள்ளையாக, தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினாள். அவளுடைய பாட்டனுக்கு அப்பா திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு போனவர். 1876-78 தாது வருசப் பஞ்சம் மட்டுமில்லை, அதற்கு முன்னும் பின்னும் இந்தச் சீமையில் மழை பொய்த்த போதெல்லாம் ஒரு கூட்டம் கிழக்கே நடந்திருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம் கரைகளில் தோணி பிடித்து மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காலராவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல ஆளில்லை. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகுதான் அந்த நடை குறைந்தது.

போனவர்களை வைத்துக்கொள்ளவும் அங்கே மனமில்லை. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், ஏறக்குறைய 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பேசிக்கொள்வது என்று பங்கு வைத்தது. அந்தப் பங்கில் இந்தப் பக்கம் விழுந்த குடும்பம் என் மனைவியுடையது. அவள் அம்மாவோடு பிறந்த சித்தி குடும்பம் அந்தப் பக்கமே நின்றது.

வந்தவர்களுக்கு இங்கே என்ன வரவேற்பு? நிலத்தில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்று சொந்தக்காரர்கள் திண்ணையோடு நிறுத்தினார்கள். என் மாமனார் கிராமத்தை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்கு வந்து நூல் மில் கூலியாகக் காலம் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் என் மனைவிக்குப் பேர் ‘சிலோன்காரி’. அந்தப் பேர் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீடுகள் வரை வந்தது. எனக்கு அது இன்றும் ஆறாத கோபம். அவளுக்கு இல்லை. “அவுகளும் காஞ்சு கெடந்தவுகதானங்க” என்பாள்.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் போரோடு நின்றது. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் வந்து, சில மாதங்களில் அதுவும் நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ புறப்பட்ட செய்தியைப் பேப்பரில் காட்டியபோது, அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். வடகிழக்குப் பருவமழை வந்ததும் அதுவும் ஒரு வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பல் வந்த பிறகுதான் அங்கே போய்வருகிற பேச்சு எழுந்தது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரம்தான் என்று மகன் சொன்னான். “மேல பறந்து போனா நான் வந்த வழி எப்படித் தெரியும்? கப்பல்ல வந்தவ கப்பல்லதான் போவேன்” என்றாள்.

வழி என்று அவள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வேனை யோசித்தேன். நாகப்பட்டினத்துக்கு நேரே பஸ்ஸில் போனால் அது வெறும் பயணம். ஆற்றோடு போனால் கடல் வரும், கடலோடு போனால் மண்டபம், தொண்டி, நாகப்பட்டினம் எல்லாம் வரும். அவள் குடும்பம் நடந்த மண்ணெல்லாம் அந்த வரிசையில்தான் கிடக்கிறது. எங்களிடம் ஒரு பழைய டெம்போ டிராவலர் இருந்தது. அருப்புக்கோட்டையில் வண்டிக்குக் கூடு கட்டுகிற பட்டறை ஒன்றில் விட்டு, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், சின்ன காஸ் அடுப்பு வைக்க மேடை, இரண்டு தண்ணீர் டிரம், ஒரு பேட்டரி விசிறி என்று அமைத்தோம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தது அவள் யோசனை. கேரளத்தில் 2021இல் அரசே கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமா நடிகர் உட்காருகிற வண்டி. வழியில் ஊர் ஊராகப் பிள்ளைகள் ஓடி வந்து ஷூட்டிங் எங்கே என்று கேட்டார்கள். “எங்க வீடுதாம்ப்பா இது, ஏறிப் பாருங்க” என்று அவள் கதவைத் திறந்துவிடுவாள்.

2025 பங்குனித் தொடக்கத்தில் கிளம்பினோம். திருச்சுழியில் சாமி கும்பிட்டுவிட்டு, ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீட்டின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கமுதிச் சாலையைப் பிடித்தோம். மிளகாய்க் காலம். கமுதியிலிருந்து சாயல்குடி வரை களத்திலும் தரிசிலும் சாலையோரத்திலும் குண்டு மிளகாய் சிவந்து காய்ந்து கிடந்தது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்ணீரில்லாத மண் கொடுக்கிற காரம் அது. வேனுக்குள் நெடி ஏறி இரண்டு பேரும் தும்மிக்கொண்டே போனோம். காவிரியைக் கொண்டுவந்து வைகையோடும் குண்டாற்றோடும் இணைக்க, 262 கிலோமீட்டர் கால்வாய்க்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். கமுதிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வறண்ட ஆற்றைப் பார்த்தபோது, அந்தத் தண்ணீர் நூற்றைம்பது வருசத்துக்கு முன் வந்திருந்தால் என் மனைவியின் பாட்டனுக்கு அப்பா கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயல்குடி தாண்டினால் பனங்காடு. பாளை சீவத் தொடங்கியிருந்தார்கள். பதநீர் வாங்கிக் குடித்துவிட்டு மூக்கையூர்ப் பக்கம் இறங்கினோம். ஆறு முடியும் இடத்தில் ஆரவாரம் ஒன்றும் இல்லை. மணல்மேடு, அதற்குப் பின்னால் தேங்கிய உப்புத்தண்ணீர், அதற்கும் அப்பால் கடல். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றாள்.

“ஏங்க, இது நம்ம ஆத்துத் தண்ணியா?”

“தண்ணி எங்க இருக்கு? வெள்ளம் வந்த வருசத்துல வந்த மண்ணு வேணா நம்மளது.”

“அது போதும்” என்று ஒரு கைப்பிடி அள்ளித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டாள். தோட்டத்துக்குக் கொண்டுபோகவாம்.

வாலிநோக்கம் உப்பளங்களைத் தாண்டி ஏர்வாடியில் தங்கினோம். தர்கா வாசலில் வெளியூர் வண்டிகள் நிற்கும் இடத்தில் எங்கள் வண்டியும் நின்றது. வேனில் தங்குகிறவர்களுக்கு நம் ஊரில் தனி இடம் என்று எதுவும் கிடையாது. ஆனால் கோயில் திடல், தர்கா, மாதா கோயில், பெட்ரோல் பங்க் என்று எங்கே கேட்டாலும் நிறுத்தச் சொன்னார்கள். காசு கேட்டவர்கள் குறைவு, சாப்பிட்டீர்களா என்று கேட்டவர்கள் அதிகம்.

மண்டபத்தில் நான் நினைத்ததைவிட நேரமானது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தோட்டத்துக்குப் போன பெரும்பாலோர் இங்கேதான் நிறுத்தப்பட்டார்கள். அம்மை குத்தி, பேதிக்குக் கொடுத்து, உடுப்பை ஆவியில் புழுக்கி, நோயில்லை என்று தெரிந்த பிறகு கப்பல். ஒரு காலத்தில் எந்தத் தோட்டத்துக்கு யார் என்பதைத் தகரவில்லையில் அடித்துக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். எழுபதுகளில் திரும்பி வந்தவர்களுக்கும் அதே முகாம். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்களுக்கும் அதே முகாம். போனவர், வந்தவர், ஓடி வந்தவர் என மூன்று தலைமுறையும் ஒரே வேலிக்குள் தங்கியிருக்கிறது. இப்போதும் அகதிகள் இருப்பதால் நாங்கள் உள்ளே போகக் கேட்கவில்லை. வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டிரங்குப் பெட்டி மேல் அவளை உட்கார வைத்திருந்தது. அலுமினியத் தட்டில் சோறு. “கப்பல்ல வாந்திதாங்க எடுத்தேன், வேற ஒண்ணும் பாக்கல. அம்மா பித்தளைக் கொடத்தை விடாமப் பிடிச்சிருந்துச்சு. எங்கம்மா அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.” கல்யாணமாகி இத்தனை வருசத்தில் குடத்தைப் பற்றி அவள் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அந்தக் குடம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் அதில் தினமும் தண்ணீர் மொண்டிருக்கிறேன்.

பாம்பனில் 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் போகும்போது, கீழே 1914இன் பழைய ரயில் பாலமும் அதன் பக்கத்தில் தூக்குப் பாலத்தோடு புதியதும் ஒன்றாகத் தெரிந்தன. புதியதைத் திறக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. 2022 டிசம்பருக்குப் பிறகு ராமேசுவரம் தீவுக்கு ரயில் இல்லாத காலம் அது. அங்கிருந்து அரிச்சல்முனை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பயணிகளோடு ரயிலே போனது, தனுஷ்கோடித் துறைமுகமும் போனது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் என் மனைவி தனுஷ்கோடியில் இறங்காமல் ராமேசுவரத்தில் இறங்கினாள். ரோடு முடிகிற இடத்தில் நின்று கிழக்கே பார்த்தால் மணல்திட்டுகளின் பக்கம் அலை வெள்ளையாக உடைகிறது. அதற்கு அப்பால் தலைமன்னார். அவள் வந்த கடல்வழி அதுதான். அது இன்றும் மூடிக் கிடக்கிறது. அதைத் திறக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நாகப்பட்டினம் காவிரிக் கரைக்காரர்களுக்கு வசதி. ராமநாதபுரத்து, விருதுநகர் மாவட்டத்து மக்களின் கப்பல்துறை ராமேசுவரம்தான்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. தொண்டியில் மட்டும் ஒரு பகல் இருந்தோம், அந்தக் கரையில்தான் அவள் பாட்டனுக்கு அப்பா தோணி ஏறியிருக்க வேண்டும் என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள் என்பதால். கோட்டைப்பட்டினத்தில் ஏலத்துக்கு வந்த மீனைப் பார்த்துவிட்டு அவள் கருவாட்டுக் குழம்புக் கைப்பக்குவத்தில் பச்சை மீனைக் குழம்பு வைத்தாள். எதிரே வலை பின்னிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து, “புளியைக் கொறைங்கக்கா, இது நேத்துவரைக்கும் நீந்துன மீனு” என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். மல்லிப்பட்டினம் பக்கம், நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சையின் சரபோஜி கட்டிய மனோராவைப் பார்த்தோம். உலகத்தில் எங்கோ நடந்த சண்டைக்கு எங்கள் கடற்கரையில் எட்டடுக்குக் கோபுரம் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து போய்த் திரும்பாத மக்களுக்கு ஒரு கல்கூடக் கிடையாது. முத்துப்பேட்டை, ராஜாஜி 1930இல் உப்பு அள்ளிய வேதாரண்யம், வேளாங்கண்ணி எல்லாம் வேகமாகக் கடந்து போயின. அவளுக்கு அதற்குள் பொறுமை தீர்ந்துவிட்டது.

நாகப்பட்டினத்தில் வேனை நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தக் கப்பலில் ஆட்கள் மட்டும்தான், வண்டி ஏறாது. தங்கிய விடுதிக்காரரே வளாகத்தில் ஓர் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். பாஸ்போர்ட், விசா, சுங்கம் எல்லாம் முடித்து உள்ளே போனால், 150 பேர் உட்காரும் குளிரூட்டிய கூடம். ஜன்னல் கண்ணாடி தடிமன். கப்பல் மெதுவாகத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தபோது மீனவர் குப்பங்கள் தெரிந்தன. 2004 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போன கரை. கை காட்டிய பிள்ளைகளுக்கு அவளும் கை காட்டினாள்.

ஏறக்குறைய 60 கடல்மைல். நாலு மணி நேரம்போல ஆனது. திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கிப் பலர் பையைத் தேடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியில் நெற்றி படும்படி உட்கார்ந்து முழு நேரமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் பார்க்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறாள் என்று தோன்றியது. பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், வேலூரில் வைத்தியம் முடித்துத் திரும்புகிறவர், “தங்கச்சி எவடம்?” என்று கேட்டார். “மாத்தளை” என்றாள். அருப்புக்கோட்டை என்று சொல்லவில்லை. காங்கேசன்துறையில் மூடிக்கிடக்கும் சிமெந்து ஆலை கண்ணில் பட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு. மறுநாள் கண்டி பஸ். ஏ9 சாலையில் கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை. தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரைக்கும் அந்தக் காலத்துத் தோட்டப் பாதை வந்த திசை என்று அவளிடம் சொன்னேன். 2023இல், முதல் ஆட்கள் போய் 200 வருசம் ஆனதை நினைத்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். எங்கள் பக்கத்துப் பேப்பர்களில் அது ஒரு மூலையில்தான் வந்தது. புறப்பட்ட ஊர்க்காரர்கள் நாம்தான் அல்லவா? நாமும் இந்தப் பக்கம் திருச்சுழியிலிருந்து மண்டபம் வரை நடந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் சித்தி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சித்தி மகள் இருந்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அவள் பிறந்த லயத்தில் வேறு குடும்பம் இருந்தது. அதே பத்தடி அறை, அதே தகரக் கூரை. அவர்கள் எங்களை உட்கார வைத்து ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். சேதி பரவி ஆட்கள் வந்துவிட்டார்கள். எண்பது தாண்டிய பாட்டி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மனைவியின் கையைப் பிடித்தாள்.

“எங்க அய்யனுக்கு நரிக்குடிப் பக்கம். அங்க மழ பெய்யுதா?”

கடலைத் தாண்டிப் போய் மூன்று தலைமுறையாக மழையிலேயே நனைந்து கொழுந்து பறித்த குடும்பம். கேட்ட முதல் கேள்வி அதுதான். ஊரின் பேர், கண்மாயின் பேர், அய்யனார் கோயில் எந்தக் கரையில் என்பதெல்லாம் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. ஒருநாளும் பார்த்ததில்லை, அய்யன் சொல்லக் கேட்டதுதான். தூக்குச்சட்டியிலிருந்த மண்ணில் அவளுக்கும் ஒரு பிடி கொடுத்தோம். கப்பலுக்கு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அவள் பேரன் அங்கேயே கணக்குப் போட்டான். அப்போது நாள் கூலி 1,350 இலங்கை ரூபாய். போகவர டிக்கெட்டுக்கே ஏறத்தாழ ஒரு மாதக் கூலி போய்விடும், பாஸ்போர்ட்டும் விசாவும் தனி. “அப்ப எங்களுக்கு இல்ல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான்தான் பதில் இல்லாமல் நின்றேன். எந்தக் கடலைக் கூலிகளாக இவர்கள் தாண்டினார்களோ, அதே கடலைத் தாண்டி ஒரு முறை ஊர் பார்க்க வருவதற்கு இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு சலுகைக் கட்டணம் வைத்தால் என்ன? யாத்திரைக்கு மானியம் கொடுக்கிற அரசுகள் உண்டுதானே?

திரும்பி வந்து நாகப்பட்டினத்தில் வேனை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகவில்லை. நரிக்குடி வழியாகப் பாட்டி சொன்ன அந்த ஊருக்குப் போனோம். ‘சிலோனுக்குப் போனவுக வகையறா’ என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெரியவர் கொத்தமல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தார். பாட்டியின் பெரியப்பா வழிப் பேரன் முறை. என் மனைவி விவரம் சொன்னாள். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“நெலத்தப் பத்தி ஏதும் கேட்டாகளா?”

எனக்குச் சுருக்கென்றது. என் மாமனாரைத் திண்ணையோடு நிறுத்தியதும் இதே கேள்விதான். அவள் நிதானமாகச் சொன்னாள்.

“ஒண்ணும் கேக்கலண்ணே. மழ பெஞ்சுச்சான்னு கேட்டாக. என்னைய விட நீங்கதான் அதச் சொல்லணும்.”

பாட்டியின் பேரன் கொடுத்த எண்ணைப் போட்டு போனை அவர் கையில் கொடுத்தாள். முதலில் கிடைக்கவில்லை. கண்மாய்க் கரை மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று வீட்டுப் பையன் சொன்னான். நான்கு பேரும் ஏறினோம். படம் தெளிந்து பாட்டி முகம் வந்ததும் அவர் கத்தத் தொடங்கினார், எதிர்க்கரை ஆளைக் கூப்பிடுகிற குரலில்.

“பெஞ்சுச்சு ஆத்தா! மார்கழியில பெஞ்சுச்சு! கம்மா முக்காவாசி! இந்தா, பாருங்க!” என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.